பன்னிரண்டு ‘ரிசீவ்டு சார்’

சனிக்கிழமை காலை ஏழே முக்காலிலிருந்து எட்டு மணிக்குள், சென்னையில் இருக்கும் டைரக்டருக்குப் பன்னிரண்டு பதில் மெயில்கள் போயின. பன்னிரண்டிலும் ஒரே வாசகம்: ‘ரிசீவ்டு சார், தேங்க் யூ சார்.’ ஒன்றில் மட்டும் கூடுதலாக இரண்டு கை கூப்பிய படம். எழுதியவர்கள் சேதராப்பட்டு மூடி கம்பெனியில் சேர்ந்து நாலே நாள் ஆன பெண்கள். டைரக்டர் அவர்களுக்கு எதையும் அனுப்பியிருக்கவில்லை. ஆறு பெரிய தலைகளுக்கு மட்டும், தலைப்பிலேயே ரகசியம் என்று போட்டு, ஒரு மெயில் அனுப்பியிருந்தார்.

நடுவில் புகுந்து இந்தத் திருப்பணியைச் செய்தவன் லியோ பிரகாஷ்.

பாட்டில் மூடி செய்யும் அந்தக் கம்பெனியில் அவன் ஐ.டி. எக்ஸிகியூட்டிவ். எக்ஸிகியூட்டிவ் என்றால் கீழே பத்துப் பேர் இருப்பார்கள் என்று ஒதியம்பட்டில் அவன் மாமியார் பதினோரு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். மேசைக்குக் கீழே ஒரு யூ.பி.எஸ். பேட்டரி இருக்கிறது. அதுவும் அவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

புதிதாக ஆள் சேர்ந்தால் மெயில் ஐ.டி. போட்டுக் கொடுப்பது அவன் வேலை. எந்த லிஸ்ட்டில் யார் என்று பார்த்து வைப்பதும் அவன் வேலை. பஸ் லேட் என்று சொல்ல ஒரு லிஸ்ட், கேன்டீனுக்கு ஒரு லிஸ்ட், பெரியவர்கள் ஆறு பேருக்குக் கோர் டீம் என்று ஒரு லிஸ்ட். லிஸ்ட்டின் பெயருக்கு ஒரு மெயில் தட்டினால் அதில் இருக்கிற அத்தனை பேருக்கும் போய் விழும். தபால்காரன் மாதிரிதான், சைக்கிள் மட்டும் இல்லை.

நடந்தது இதுதான். இனிமேல் சம்பளச் சீட்டு மெயிலில்தான் வரும் என்று சொல்லி, பன்னிரண்டு பெண்களுக்கும் ஐ.டி. கேட்டு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹெச்.ஆரிலிருந்து ஃபாரம் வந்தது. ஒவ்வொன்றாக முதலிலிருந்து போட்டால் ராத்திரி ஆகும். அதுவோ தவக்காலத்து வெள்ளி. ஒதியம்பட்டுக் கோயிலில் ஆறரைக்குச் சிலுவைப்பாதை. மைக் செட் லியோவின் பொறுப்பு. கம்பெனி பஸ் ஐந்து நாற்பதுக்குக் கிளம்பும். விட்டால் பத்துக்கண்ணு போய், அங்கே இன்னொரு பஸ்ஸுக்குத் தவம் கிடக்க வேண்டும். அதனால் லியோ குறுக்கு வழியில் போனான். ஏற்கெனவே இருக்கிற ஒருவருடைய கணக்கை எடுத்து, அதே மாதிரி பன்னிரண்டு நகல் போட்டான். அவன் எடுத்தது பொங்கலோடு வேலையை விட்டுப் போன ஹெச்.ஆர். மேனேஜர் விஜயராணியின் கணக்கு. அந்த அம்மாள் எல்லா லிஸ்ட்டிலும் இருந்தார். ஒன்றும் விட்டுப் போகாது என்று நினைத்தான். விட்டுப் போகவில்லைதான். கோர் டீமும் சேர்ந்தே வந்துவிட்டது.

சிலுவைப்பாதையில் இயேசு மூன்று தடவை விழுகிறார். லியோ ஒரே தடவைதான் விழுந்தான், ஆனால் பன்னிரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தான்.

போதாக்குறைக்கு, ஐ.டி. கொடுத்த கையோடு அந்தப் பெண்களுக்கு ஒரு பாடமும் நடத்தியிருந்தான். “கம்பெனி மெயில் இன்னா வந்தாலும் தொறந்து முழுசா படிக்கணும். படிச்சதும் ‘ரிசீவ்டு சார், தேங்க் யூ சார்’னு ரிப்ளை போடணும். மரியாத முக்கியம்.”

பாகூரிலிருந்து தவளக்குப்பம், வில்லியனூர் வழியாக வரும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து அவர்கள் முழுசாகப் படித்திருக்கிறார்கள். மரியாதையும் செய்திருக்கிறார்கள். ஒதியம்பட்டு ஸ்டாப்பில் லியோ ஏறியதும் பஸ்ஸில் சத்தம் அப்படியே அடங்கியது. சட்டை பட்டனை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று குனிந்து பார்த்துக்கொண்டான். சரியாகத்தான் இருந்தது.

ப்ளான்ட் மேனேஜர் குழந்தைவேல் எட்டரைக்கு அவனைக் கூப்பிட்டார். சுத்துக்கேணியில் கரும்பு போட்டிருக்கிற மனுஷர். கோபம் வந்தால் ஆலைக்காரனைத் திட்டுகிற குரலிலேயே திட்டுவார்.

“இன்னாயா லியோ இது? டைரக்டர் போன் பண்றாரு, ‘உங்க கோர் டீம் இவ்ளோ பெருசாயிட்டுதா’ன்னு. நான் இன்னா சொல்ல?”

லியோ விஜயராணி கதையைச் சொன்னான். கேட்டுக்கொண்டே குழந்தைவேல் நெற்றியைத் தேய்த்தார்.

“அந்த மெயில அத்தினி பேர் பெட்டியிலேருந்தும் தூக்கு. அந்தப் பொண்ணுங்களுக்கு ஆளுக்கொரு மெமோ. ரகசிய மெயிலுக்குப் பதில் எழுதுதுங்க, எவ்ளோ தைரியம்.”

“சார், பதில் எழுதச் சொன்னது நான்தான் சார். மெமோவ எனக்கே குடுத்துடுங்க.”

“பன்னெண்டு மெமோவா?”

“ஒண்ணா சேத்து ஒரே மெமோவா குடுத்தா பேப்பர் மிச்சம் சார்.”

இப்படிச் சொன்னால் குழந்தைவேல் வழக்கமாக ‘போடா டேய்’ என்பார். இன்றைக்குச் சொல்லவில்லை. “சரி, மெமோல்லாம் வேணாம் வுடு. சாப்ட்டியா?” என்றார்.

பதினோரு வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

“சார், அந்த மெயில்ல இன்னா சார் இருக்குது?”

“அத்தத் தெரிஞ்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற? போய் வேலயப் பாரு.”

மெயிலைத் தூக்க அதன் தலைப்பை அடித்துத் தேட வேண்டும். தலைப்பை அவரே ஒரு சீட்டில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். தமிழில் சொன்னால்: ‘சேதராப்பட்டு உதவிப் பணியாளர் குறைப்பு, இறுதிப் பட்டியல், ரகசியம்.’ லியோ தன் அறைக்கு வந்து சீட்டை மேசையில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். உதவிப் பணியாளர் என்றால் கேன்டீன், ஸ்டோர்ஸ், டிரைவர், செக்யூரிட்டி. அப்புறம் ஐ.டி.

பன்னிரண்டு பெட்டியிலும் தேடி எடுத்து அழிக்க நாலு நிமிஷம் ஆனது. பன்னிரண்டு பேரையும் கோர் டீமிலிருந்து நீக்க இன்னொரு நிமிஷம். அந்த ஐந்து நிமிஷமும் மெயில் அவன் கண்ணெதிரே கிடந்தது. ஒரு தட்டுத் தட்டினால் திறந்துவிடும்.

அவன் திறக்கவில்லை. இதை அவனுடைய நேர்மை என்று பாதி சொல்லலாம். பல வருஷம் முன்னால், ஏதோ பழுது பார்க்கப் போய்த் தெரியாமல் அப்போதைய ஸ்டோர்ஸ் மேனேஜரின் மெயில் ஒன்றைத் திறந்துவிட்டான். மனைவிக்கு அவர் எழுதிய மன்னிப்புக் கடிதம். அதற்குப் பிறகு ஒரு மாசம் அந்த மனுஷரைப் பார்க்கும்போதெல்லாம் இவனுக்குக் கண் கலங்கியது. அவர் இவனுக்கு மெட்ராஸ் ஐ என்று நினைத்துத் தள்ளி நிற்கச் சொன்னார். அன்றோடு, அடுத்தவர் மெயிலைப் படிப்பதில்லை என்று முடிவு. மீதிப் பாதி, யாருடைய பெட்டியை யார் திறந்தாலும் சென்னைக்கு ஒரு ரிப்போர்ட் போய்விடும். அந்த ரிப்போர்ட்டை ஏற்பாடு செய்த புத்திசாலியும் அவனேதான்.

போன் அடித்தது. மேஸ்திரி அருள்சாமி.

“தம்பி, கம்பி கட்டி முடிச்சாச்சி. திங்கக்கெழம காங்க்ரீட்டு போட்டுடலாமா? மிக்சர் மிஷினுக்கு இன்னிக்கிப் பொழுதுக்குள்ள சொல்லணும்.”

ஒதியம்பட்டில் லியோ வீடு கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு அறை, ஒரு ஹால். தளம் போட்டுவிட்டால் கையிருப்பு எல்லாம் அதில் போய்விடும்; அப்புறம் வேலை இல்லையென்றால் வெறும் தளத்துக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இப்போதே நிறுத்தினால், ஒரு அறைக்கு மட்டும் தகரம் போட்டுக் குடி போய்விடலாம். மீதியை மெதுவாகக் கட்டலாம்.

“சாயந்தரம் சொல்றேன் மேஸ்திரி.”

“நேத்தே சரின்னியே தம்பி.”

“நேத்து சொன்னது வேற ஆளு. சாயந்தரம் சொல்றேன்.”

பத்தரை டீக்குப் பேக்கிங் ஹால் பக்கம் போனான். நேற்றுச் சாயந்தரம் ‘லியோண்ணா, பாஸ்வேர்டு மறந்துட்டேன்’ என்று கத்திக்கொண்டிருந்த பெண்கள், டம்ளரைப் பார்த்து டீ குடித்தார்கள். ரோஸி மேரி என்கிற பெண் தன் கையிலிருந்த முறுக்கை அவனிடம் நீட்டினாள்.

“இன்னாத்துக்குமா?”

“சும்மாதாண்ணா. சாப்புடுங்க.”

“காலையில ஒரு மெயில் வந்துதே, படிச்சீங்களா?”

“இங்கிலீஷ்ல இருந்துச்சுண்ணா.”

“பதிலும் இங்கிலீஷ்லதானே போட்டீங்க?”

யாரும் சிரிக்கவில்லை. பாகூர்ப் பெண் செல்வகுமாரி மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்கையில் இடித்தாள். பி.காம். படித்த பெண் செல்வகுமாரி. இங்கிலீஷ் தெரியாது என்றால் டீ டம்ளர்கூட நம்பாது.

முறுக்கைத் தின்றுகொண்டே லியோ கேன்டீனுக்குப் போனான். விருத்தாம்பாள் அவன் தட்டில் இரண்டு வடை வைத்தாள். கம்பெனி விதிப்படி ஆளுக்கு ஒன்று. எட்டு வருஷமாக அந்த விதியை விருத்தாம்பாள் எம்.டி.க்கே தளர்த்தியதில்லை.

“ஏங்க்கா ரெண்டு?”

“ஒண்ணு ஒடஞ்சிபோச்சிப்பா. யாருக்கு வெக்கிறது?”

வடை ஒன்றுகூட உடையவில்லை. அவன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“உனக்கு யாருக்கா சொன்னா?”

“மாரிமுத்துதான். அவன் பஸ்ஸு ஓட்டிக்கினே காத பின்னாடி வெச்சிருந்தானாம். லிஸ்ட்டு வந்துதுன்னு மட்டுந்தான் கேட்டுதாம். யாரு பேருன்னு கேக்கலியாம், ஆரன் சத்தமாம்.” சுற்றிலும் பார்த்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள். “தம்பி, உங்கையிலதான் அல்லா லிஸ்ட்டும் இருக்குது. என் பேரு அதுல இருக்குதா?”

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. இரண்டாவது வடை ஆறுதலுக்கு வந்ததல்ல. விசாரணைக்கு வந்தது.

“சத்தியமா நான் படிக்கலக்கா.”

“மெயில அழிச்சியாம். படிக்காமயா அழிச்ச?”

“படிக்காமத்தான் அழிச்சேன்.”

“சொல்ல இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போ. பொய் சொல்லாத, உங்களுக்குத் தவக்காலம் வேற.” வடையைத் திருப்பி எடுத்துக்கொள்வாளோ என்று பார்த்தான். எடுக்கவில்லை. “சின்னவளக் காலேஜில சேக்கணும்பா. அதுக்குத்தான் கேட்டேன்.”

இரண்டாவது வடையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தான். கம்பெனியில் ஒரு லிஸ்ட் இருக்கிறது. அதைப் படித்தவர்கள் இவனிடம் வாயைத் திறக்கவில்லை. படிக்காதவர்கள் எல்லோரும், படித்தவன் இவன்தான் என்று நினைக்கிறார்கள். இப்படி ஒரு நிலைமையை வேறு யாராவது உண்டாக்கியிருந்தால் அவனே ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பான்.

அறைக்குத் திரும்பினான். அழித்த மெயில் பதினாலு நாள் குப்பையில் கிடக்கும், தேவையென்றால் எடுத்துவிடலாம். விருத்தாம்பாளுக்காக ஒரே ஒரு தடவை பார்த்தால் என்ன என்று தோன்றியது. கை மவுஸுக்குப் போனது. பார்க்கிற கண், விருத்தாம்பாள் பெயரோடு நின்றுவிடுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். நிற்காது. முதலில் எந்தப் பெயரைத் தேடும் என்பதும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. எழுந்து ஹெச்.ஆர். அறைக்குப் போனான்.

விஜயராணிக்குப் பிறகு வந்தவர் உஷாராணி. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசுவார்.

“மேடம், நேரா ஒண்ணு கேக்குறேன். அந்த லிஸ்ட்டுல நான் இருக்கேனா?”

“எதுவும் ஃபைனல் இல்ல லியோ. எல்லாம் ப்ராசஸ்ல இருக்கு.”

“தலைப்புலயே இறுதின்னு போட்டிருக்கே மேடம்.”

“அது ஒரு ஃபார்மாட்.” ஒரு ஃபாரத்தை அவன் பக்கம் தள்ளினார். “நல்ல வேள, நீங்களே வந்துட்டீங்க. இந்த ஐ.டி. இன்னிக்கே போடணும்.”

புதுக் கணக்குக்கான வழக்கமான ஃபாரம்தான். அவனே வடிவமைத்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஐ.டி. சப்போர்ட், சென்னை’ என்று இருந்தது. ‘யாருடைய அனுமதிகளைப் போல வேண்டும்?’ என்கிற கட்டத்தில் உஷாராணியின் குண்டு குண்டான கையெழுத்தில்: லியோ பிரகாஷ்.

“இது யாரு மேடம்?”

“பேக்கப்.”

“எதுக்குப் பேக்கப்?”

“எல்லாத்துக்கும் ஒரு பேக்கப் இருக்கணும்ல லியோ? நீங்கதானே அடிக்கடி சொல்வீங்க?”

சொல்வான்தான். போஸ்டர் அடித்து ஒட்டியும் இருக்கிறான். ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வந்தான்.

இந்தத் தடவை நகல் போடவில்லை. தன் பெயரை அடித்து, தான் எந்தெந்த லிஸ்ட்டில் இருக்கிறோம் என்று பார்த்தான். முப்பத்தொன்று. சர்வர், பிரின்டர், கேமரா எல்லாம் சென்னைக்காரனுக்குத் தேவைப்படும், ஒவ்வொன்றாகச் சேர்த்தான். தீயணைப்புக் குழு தேவையில்லை. சென்னையிலிருந்து தண்ணீர் ஊற்ற முடியாது. வில்லியனூர் ரூட் பஸ் தேவையில்லை. ஆயுத பூஜை அலங்காரக் கமிட்டி தேவையில்லை. அதில் ஒரே வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், இவன்தான்; சீரியல் லைட் கட்டத் தெரியும் என்பதற்காகச் சேர்த்தார்கள். ரத்தம் கொடுப்பவர்கள், ஓ பாசிட்டிவ். அந்த லிஸ்ட்டில் இருந்துதான் ஒரு தடவை ஜிப்மருக்கு ஓடிப் போய் மாரிமுத்துவின் மனைவிக்கு ரத்தம் கொடுத்தான். அதற்குப் பிறகு மாரிமுத்து அவனுக்காக மட்டும் பஸ்ஸை இரண்டு நிமிஷம் நிறுத்தி வைக்க ஆரம்பித்தான். இதெல்லாம் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

பதினாலு லிஸ்ட்டில் சேர்த்தான். பதினேழை விட்டான். இரண்டு தடவை சரி பார்த்தான். கோர் டீமை மூன்று தடவை பார்த்தான். பிறகு, ‘கணக்கு தயார்’ என்று உஷாராணிக்கு மெயில் போட்டான். ‘ரிசீவ்டு, தேங்க்ஸ்’ என்று பதில் வந்தது.

சாயந்தரம் பஸ்ஸில் மாரிமுத்து அவனைக் கண்ணாடியில் பார்த்தான்.

“இன்னா லியோ, என் பஸ்ஸு ஓடுமா ஓடாதா?”

“நான் படிக்கலண்ணே.”

“சரி சரி. நீ நல்லவன். ஏறு.”

கடைசிக்கு முந்தின சீட்டில் செல்வகுமாரி தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் முன்னால் போய் மொத்தமாக உட்கார்ந்துகொண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். லியோ நடுவில் இடைவெளி விட்டு அதே சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தான். பஸ் சேதராப்பட்டு கேட்டைத் தாண்டியது.

“எங்களுக்கு வர வேண்டிய மெமோவ நீங்க கேட்டு வாங்கிக்கிட்டீங்களாமே?” என்றாள் அவள்.

“வாங்கல. கேட்டேன், குடுக்கல. எனக்குக் குடுக்க மெமோகூட இல்ல இந்தக் கம்பெனியில.”

“எங்க யாருக்கும் இது மொத வேலண்ணா. நாலாம் நாளே மெமோன்னா எங்க வூட்ல அடுத்த பஸ்ஸுல கூட்டிக்கினு போயிருப்பாங்க.”

“தப்பு பண்ணது நான்மா. ஒரு சிலுவைப்பாதைக்கு அவசரப்பட்டேன். சாமி பேர்ல பழியப் போட முடியாது, மைக்கு மேலதான் போடணும்.”

அவள் சிரித்தாள். காலையிலிருந்து கம்பெனியில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். லியோவின் சட்டைப் பையில் போன் அடித்தது. மேஸ்திரி. எடுக்கவில்லை. ஒலி ஓயும்வரை இருவரும் அந்தப் பையையே பார்த்தார்கள்.

“செல்வா, நான் படிக்கக் கூடாதுன்னு ஒரு வெரதம் வெச்சிருக்கேன். கேக்கக் கூடாதுன்னு இல்ல. ஒண்ணு கேட்டா சொல்லுவியா?”

“கேளுங்கண்ணா.”

“விருத்தாம்பாக்கா பேரு இருக்குதா?”

“இல்ல. கேன்டீன் அப்டியே இருக்கும்.”

“மாரிமுத்து?”

“இல்ல. செக்யூரிட்டில ரெண்டு பேரு, ஸ்டோர்ஸ்ல ஒருத்தரு.”

லியோ விருத்தாம்பாளை நினைத்து மூச்சு விட்டான். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அவளிடம் சொல்ல வேண்டும். படிக்கவில்லை என்பதை அப்போதும் நம்ப மாட்டாள். வெளியே பத்துக்கண்ணு வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள்.

“உங்களப் பத்தி கேக்கலியே?” என்றாள் செல்வகுமாரி.

“காலையிலேருந்து மூணு பேரக் கேட்டுட்டேன். ஒருத்தர் சாப்ட்டியான்னாரு. ஒரு பொண்ணு முறுக்கு குடுத்துது. ஒருத்தங்க ப்ராசஸ்ன்னாங்க. வயிறு ரொம்பிடுச்சுமா, பதில்தான் கெடைக்கல.”

“நீங்க எப்படியும் படிச்சிருப்பீங்க, நாம வேற எதுக்கு வாயத் தொறக்கணும்னு சொல்லித்தான் அவளுங்க என்ன அடக்கிட்டாளுங்க. நான் காலையிலயே சொல்லணும்னு இருந்தேன்.” அவள் நேராக அவன் பக்கம் திரும்பினாள். “கேளுங்கண்ணா. சொல்றேன்.”

“எறங்குறதுக்குள்ள மேஸ்திரிக்கு நான் ஒரு பதில் சொல்லணும். எம்பேரு இருக்குதா?”

“இருக்குதுண்ணா. மொத பேரே உங்களுதுதான். மே முப்பத்தொண்ணு கடசி நாளு.”